நிழற்படத்துக்குத் தெரியாத கடல்: விமானப் பாவனைக் காட்சிகளின் வரலாறு

வானிலிருந்து எடுத்த ஒரு நிழற்படத்தை மேசைமீது விரித்து வைத்து, கடல் எது, கரை எது என்று கேட்டால் சிறு குழந்தையும் விரல் வைத்துக் காட்டிவிடும். ஆனால் அந்த நிழற்படத்துக்கு அது தெரியாது. படத்தைச் சேமித்து வைத்திருக்கும் கணிப்பொறிக்கும் தெரியாது. கணிப்பொறியைப் பொறுத்தவரை கடல் என்பது நீலமும் பச்சையும் கலந்த சில புள்ளிகள், வயலும் அப்படியே. 'இது நீர், இது நிலம்' என்று யாரேனும் தனியே எழுதிக் கொடுத்தால்தான் அதற்கு விளங்கும். ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் விமானப் பாவனை மென்பொருளுக்கு நிலக்காட்சி தயாரிப்போர் அப்படி எழுதிக் கொடுக்கும் குறிப்புக்குத்தான் 'மாஸ்க்' என்று பெயர்.

மாஸ்க் என்றதும் முகமூடி நம் நினைவுக்கு வரும். இங்கே அது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வண்ணப் படத்தின் மேல் துல்லியமாகப் பொருந்துமாறு அமைந்தது. எந்த இடம் தெரிய வேண்டும், எந்த இடம் மறைய வேண்டும், எங்கே மூலப் படம் விலகி வேறொன்றுக்கு வழிவிட வேண்டும் என்பதை அது சொல்கிறது. இந்தச் சிறிய கருவிக்குப் பின்னால் நூற்றாண்டைக் கடந்த ஒரு வரலாறு இருக்கிறது. தமிழ் இலக்கியம் பயிற்றுவிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் வியக்கலாம். கட்டுரையின் பிற்பகுதியில் அதற்கு விடை இருக்கிறது, சற்றே பொறுத்தருள்க.

கத்தரிக்கோலும் உப்புத்தாளும்

மனிதன் வானிலிருந்து நிலத்தைப் படம் எடுத்தது விமானத்துக்கு முந்தைய கதை. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் நாடார் 1858ஆம் ஆண்டில் பலூனில் ஏறிப் படம் பிடித்தார். அந்தப் படங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. இரண்டாண்டுகளுக்குப் பின், 1860இல், ஜேம்ஸ் வாலஸ் பிளாக் என்பவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைப் பலூனிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியிருக்கும் வான்வழிப் படங்களுள் மிகப் பழையது.

முதல் உலகப் போரில் விமானத்திலிருந்து படமெடுப்பது முறையான தொழிலாயிற்று. ஒரு படத்தில் அடங்கும் நிலம் சிறிது. எனவே ஒன்றன்மேல் ஒன்று சற்றே கவியுமாறு வரிசையாகப் படங்களை எடுத்து, அவற்றை ஒட்டிப் பெரிய சேர்ப்புப் படம் உருவாக்கினார்கள். 1921இல் ஷெர்மன் ஃபேர்சைல்டின் நிறுவனம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவை 10,000 அடி உயரத்திலிருந்து 69 நிமிடங்களில் 100 படங்களாக எடுத்து ஒரே படமாக இணைத்தது. அக்கால வாசகர்களுக்கு அது பெரும் வியப்பு.

அந்த இணைப்பு வேலை எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு முக்கியம். படத்தின் ஓரங்களில் உருவங்கள் சாய்ந்தும் திரிந்தும் இருக்கும் என்பதால் நடுப்பகுதியையே பெரிதும் பயன்படுத்தினார்கள். நேர்கோட்டில் வெட்டினால் ஒட்டிய இடம் கண்ணை உறுத்தும். ஆகவே சாலை, ஆறு, வயல் வரப்பு ஆகியவற்றின் போக்கிலேயே வெட்டினார்கள். தாளின் ஓரத்தைப் பின்புறமாகக் கிழித்து, உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கி, அடுத்த படத்தின்மேல் படியவைத்தார்கள். ஒட்டுப்போட்ட இடம் எங்கே என்று கண்டுபிடிப்பது அரிது. இன்றைய நிலக்காட்சித் தயாரிப்பில் 'பிளெண்ட் மாஸ்க்' என்று அழைக்கப்படும் கலப்பு மாஸ்க் செய்வது இதே வேலைதான். தாளின் தடிமன் படிப்படியாகக் குறைந்ததற்குப் பதில் இப்போது வெண்மை படிப்படியாகக் கறுப்பாகிறது.

விமானிக்குத் தரை எதற்கு?

விமானப் பயிற்சிக் கருவிகளில் தொடக்கத்தில் தரையே இல்லை. அமெரிக்காவின் பிங்காம்டன் ஊரில் இசையார்கன் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளின் நுட்பத்தைக் கொண்டு 1929இல் ஒரு பயிற்சிக் கருவி செய்தார். பிற்காலத்தில் அதன் கூண்டை மூடிவிட்டு, முள்ளும் எண்ணும் காட்டும் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழக்கினார்கள். 1934இல் அமெரிக்கப் படைத்துறை விமானிகள் அஞ்சல் சுமந்து மோசமான வானிலையில் பறந்து பலர் உயிரிழந்த பின்னரே அப்படை லிங்கின் கருவிகளை வாங்கிற்று. கண்ணை நம்பாதே, கருவியை நம்பு என்பதே அக்காலப் பாடம்.

ஆனால் தரையிறங்கும்போது கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் தேவைக்காக லிங்க் உருவாக்கிய விண்மீன் வழிகாட்டிப் பயிற்சிக் கருவி உயரமான ஒரு கூடத்துக்குள் அமைந்தது. தலைக்கு மேலே விண்மீன்கள் பதித்த குவிமாடம். கீழே ஒளியால் வீழ்த்தப்பட்ட நிலப்படங்கள். வான்வழிப் படங்களும் பறத்தல் பாவனையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்த தொடக்கங்களுள் இது ஒன்று. அடுத்து மாதிரிப் பலகைகள் வந்தன. ஊரும் ஓடுதளமும் வயலும் மரமும் சிற்றளவில் செதுக்கி ஒட்டிய பெரிய பலகை; அதன்மேல் நகரும் தொலைக்காட்சிக் கேமரா; கேமரா காண்பதை விமானி தன் சாளரத்தில் காண்பார். இதன் முதல் வண்ண அமைப்பை ரெடிஃபான் நிறுவனம் 1962இல் உருவாக்கியது.

தரைக்காட்சி வெறும் அலங்காரமா? இக்கேள்விக்கு விடை தந்தவர் போயிங் நிறுவனத்தின் உளவியலாளர் கான்ராட் கிராஃப்ட். 1965, 1966 ஆண்டுகளில் போயிங் 727 விமானங்கள் சில, இரவில் தரையிறங்க வருகையில் நிலத்திலோ நீரிலோ மோதி வீழ்ந்தன. கிராஃப்ட், விளக்குகள் ஒளிரும் ஓர் இரவு நகரத்தை மாதிரியாகச் செய்து, அனுபவம் மிக்க விமானிகளை உயரமானியின் துணையின்றி அதை நோக்கி இறங்கச் சொன்னார். ஓடுதளத்துக்கும் விமானத்துக்கும் இடையே விளக்கே இல்லாத இருட்டு கிடக்கும்போது, தேர்ந்த விமானிகளும் தாங்கள் உண்மையில் இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாக எண்ணி அளவுக்கு மீறித் தாழ்ந்தார்கள். கீழே இருப்பது கடலா ஊரா, விளக்கா இருளா என்பது உயிர் தொடர்பான செய்தி என்று அந்த ஆய்வு காட்டிற்று. இரவுக் காட்சிக்கெனத் தனிப் படம் தயாரிக்கும் இன்றைய வழக்கத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது எண்

1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும் ஓர் எளிய யோசனையை நடைமுறைப்படுத்தினார்கள். கணிப்பொறிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. நான்காவதாக ஓர் எண்ணையும் சேர்த்து, அந்தப் புள்ளி எந்த அளவு மறைக்கும், எந்த அளவு ஊடுருவ விடும் என்று குறித்தார்கள். அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயர். 1984இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் ஒரு கட்டுரையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்று இணைக்கும் விதிகளைக் கணித வடிவில் வகுத்தார்கள். உப்புத்தாளால் தேய்த்த ஓரம் இப்போது எண்ணாயிற்று. பொதுவாக எட்டு பிட் அளவில் அது 0 முதல் 255 வரை 256 படிகளாக அமையும்.

வீட்டுக் கணிப்பொறியில் பறத்தல் பாவனை வந்ததும் அதே காலம். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975இல் பறத்தல் காட்சி குறித்து ஆய்வேடு எழுதிய புரூஸ் ஆர்ட்விக், பின்னர் சப்லாஜிக் நிறுவனத்தின் வழியாக ஆப்பிள் கணிப்பொறிக்கு முதல் ஃப்ளைட் சிமுலேட்டரைத் தந்தார். அதில் நிலம் என்பது சில கோடுகளாலான கட்டங்கள். 1982இல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் கணிப்பொறிக்குக் கொணர்ந்தது. 1993இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் நிலத்தின்மேல் படங்கள் போர்த்தப்பட்டன. அதன்பின் ஆர்வலர்கள் தம் சொந்த ஊரையே அதில் பதிக்கத் தலைப்பட்டார்கள். பிரிட்டனில் கெட்மேப்பிங் நிறுவனத்தின் வான்வழிப் படங்களைக் கொண்டு அந்நாட்டு நிலப்பரப்பைப் பாவனைக்குள் கொணர்ந்த தொகுப்பும் வெளிவந்தது.

2003இல் வந்த பதிப்பில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 5 மீட்டர் நிலத்தைக் காட்டியது. 2006இல் வந்த பத்தாம் பதிப்பான எஃப்எஸ்எக்ஸ், சில சென்டிமீட்டர் வரை நுணுக்கத்தை அனுமதித்தது. இந்த வேறுபாட்டின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பத்துக் கிலோமீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்ட நிலத்துக்கு, 5 மீட்டர் அளவில் 40 லட்சம் பிக்சல்கள் போதும். 1 மீட்டர் அளவில் 10 கோடி வேண்டும். சுருக்காமல் வைத்தால் அதற்கு 30 கோடி பைட் இடம் பிடிக்கும். ஒரு சிற்றூருக்கும் அதைச் சுற்றிய வயல்களுக்குமே இவ்வளவு.

தயாரிப்பின் படிகள்

எஃப்எஸ்எக்ஸ் காலத்து முறையை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலில் படம் கிடைக்க வேண்டும். அமெரிக்க அரசு எடுத்த வான்வழிப் படங்கள் பொதுச்சொத்து என்பதால் ஆர்வலர்கள் அந்நாட்டு நிலங்களையே மிகுதியாகச் செய்தார்கள். மலைச்சரிவினாலும் கேமராவின் சாய்வினாலும் வரும் திரிபுகள் நீக்கப்பட்ட படமாக அது இருக்க வேண்டும்.

அடுத்தது, படத்தைப் புவியின்மேல் சரியான இடத்தில் பொருத்துவது. சிமுலேட்டர் டபிள்யூஜிஎஸ் 84 என்னும் உலகப் பொது அளவீட்டைப் பின்பற்றுகிறது. இங்கே நம் மண்ணுக்கும் ஓர் உண்மையான தொடர்பு உண்டு. 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையின் பயனாக, 1830இல் எவரெஸ்ட் என்னும் அளவை அதிகாரியின் பெயரால் புவியின் வடிவக் கணக்கு ஒன்று உருவாயிற்று. பழைய இந்திய நிலப்படங்கள் அதன்படி வரையப்பட்டவை. அப்படியொரு படத்தைக் கணக்கு மாற்றாமல் அப்படியே வைத்தால், சென்னைப் பகுதியில் ஒவ்வோர் இடமும் நூறு மீட்டருக்கும் மேலாக விலகி நிற்கும். ஓடுதளம் ஓரிடத்திலும் அதன் படம் வேறோரிடத்திலும் கிடக்கும்.

மூன்றாவது, மாஸ்க்குகள். நீர் மாஸ்க்கில் கறுப்பு நீரைக் குறிக்கும். வெள்ளை நிலத்தைக் குறிக்கும். மாஸ்க் இல்லாவிட்டால், படமெடுத்த கணத்தில் எழுந்த அலை என்றென்றும் உறைந்து நிற்கும். மாஸ்க் இட்டால் அவ்விடத்தில் படம் விலகி, சிமுலேட்டரின் அசையும் நீர் தெரியும். மிதவை விமானம் அதில் இறங்கலாம். கலப்பு மாஸ்க்கோ நாம் செய்த படத்தின் எல்லையைச் சுற்றியுள்ள பொது நிலத்துடன் கரைத்துவிடும். இவற்றோடு மாதங்களுக்கேற்ற பருவப் படங்களும் இரவுப் படமும் சேரும். எல்லாம் ஆனபின், கோப்புகளின் பெயர், இருப்பிடம், புள்ளி அளவு ஆகியவற்றை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி 'ரீசாம்பிள்' என்னும் கருவிக்குக் கொடுத்தால், அது சிமுலேட்டருக்குரிய நிலக்கோப்பை ஆக்கித் தரும்.

எழுதும்போது எளிதாகத் தோன்றுகிறது. ஆனால் நீர் மாஸ்க் வரைய உட்கார்பவர் முதல் கரையிலேயே திகைத்துப் போவார். படம் எடுத்த நேரத்தில் கடல் ஏறியிருந்ததா, இறங்கியிருந்ததா? சேற்று நிலத்தை எதில் சேர்ப்பது? ஆற்றின்மேல் கவிந்த மரத்தின் நிழல் நீரா, நிலமா? கோடையில் வறண்டு கிடக்கும் ஏரியின் படத்தை வைத்துக்கொண்டு மழைக்காலத்து நீர்ப்பரப்பை எப்படி வரைவது? அமெரிக்க வேளாண்மைத் துறை 2003 முதல் எடுத்துவரும் படங்கள் பயிர் வளரும் பருவத்தில் எடுக்கப்படுபவை. அவற்றைக் கொண்டு பனிக்காலம் செய்பவர், தாம் படத்தில் காணாத வெண்மையைத் தம் கையால் பூச வேண்டும். நிழற்படம் ஒரு நாளின் ஒரு நொடியை மட்டும் அறியும். நிலத்துக்கோ ஆண்டு முழுவதும் வாழ்வு இருக்கிறது. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவது மாஸ்க் வரைபவரின் அறிவும் ஊகமும்தான்.

பதிப்பாசிரியரும் மாஸ்க் வரைபவரும்

தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு இப்போது வருவோம். ஏட்டுச்சுவடிகளிலிருந்து நூல் பதிப்பிப்பவரின் வேலையும் இதுவே அல்லவா? ஓர் ஏட்டில் முதற்பகுதி இருக்கும். இன்னோர் ஏட்டில் நடுப்பகுதி நன்றாயிருக்கும். மூன்றாவதில் செல்லரித்த ஓட்டைகள். எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு நூலாக்க வேண்டும். உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது செய்தது இத்தகைய இணைப்புப் பணிதான். ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அவர் சிதைந்த இடங்களைச் சிதைந்தவை என்றே காட்டினார், பாடபேதங்களைக் குறித்தார். 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை என்றால் அந்த எண்களின் இடம் இன்றும் வெறுமையாகவே நிற்கிறது. அங்கே அழகாக இரண்டு பாட்டு எழுதி நிரப்பியிருந்தால் நமக்கு ஒட்டு தெரியாத நூல் கிடைத்திருக்கும்; சங்க இலக்கியம் கிடைத்திருக்காது.

காட்சி நிலம் செய்பவரால் வெறுமையை விட்டுவைக்க முடியாது. பறப்பவரின் கண்முன் ஓட்டை தெரியலாகாது. ஆகவே ஒட்டை மறைப்பது அக்கலையின் இலக்கணம். அதை நாம் குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒட்டு எங்கே விழுந்தது என்பதை எங்கேனும் எழுதி வைக்காவிட்டால் என்ன நேரும்? 2001இல் எடுத்த ஊரும் 2008இல் எடுத்த அடுத்த ஊரும் ஒரே வண்ணத்தில் கரைந்து, எந்த ஆண்டிலும் இருந்திராத ஒரு நிலம் உண்மை நிலமாக உலவும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. சிகாகோவின் ஏரிக்கரையிலிருந்த மெய்க்ஸ் விமானத்தளம் மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் பல பதிப்புகளில் தொடக்க நிலையமாக இருந்தது. உலகெங்கும் எத்தனையோ பேர் முதலில் 'பறந்தது' அங்கிருந்துதான். 2003 மார்ச் 30ஆம் நாள் இரவு, நகரமேயரின் ஆணைப்படி அதன் ஓடுதளத்தில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டி அதைப் பாழாக்கினார்கள். இன்று அவ்விடம் பூங்கா. பழைய பதிப்புகளில் மட்டும் அந்த ஓடுதளம் எஞ்சியிருக்கிறது. விளையாட்டுக்காகச் செய்த நிலம் ஆவணமாகிவிட்டது. நாள் குறிக்கப்படாத ஆவணத்தை வரலாற்று மாணவர் எப்படி நம்புவார்?

இயந்திரம் வரைந்த மாஸ்க்

பின்னாளில் கைவேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கான ஆர்த்தோ4எக்ஸ்பி என்னும் இலவசக் கருவி, தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தின் கரைக்கோட்டைக் கொண்டு நீர் மாஸ்க்குகளைத் தானே ஆக்கித் தருகிறது. 2020 ஆகஸ்ட் 18இல் வெளிவந்த மைக்ரோசாஃப்டின் புதிய சிமுலேட்டரோ உலகம் முழுவதையுமே படமாக்கிவிட்டது. பிரான்சின் அசோபோ நிறுவனம் உருவாக்கிய அதில் பிங் வரைபடப் படங்கள் இணையம் வழியே வந்திறங்கின. எது கட்டடம், எது மரம் என்பதை ஆஸ்திரியாவின் பிளாக்ஷார்க் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு பிரித்தறிந்து எழுப்பியது.

வெளியான சில நாட்களில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் புறநகரில் 212 மாடிகள் கொண்ட ஊசி போன்ற கோபுரம் ஒன்றைப் பறப்பவர்கள் கண்டார்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இரண்டு மாடி என்று எழுத வேண்டிய இடத்தில் யாரோ 212 என்று தட்டச்சிட்டிருந்தார். லண்டனின் பக்கிங்காம் அரண்மனை ஒரு சாதாரண அலுவலகக் கட்டடமாகத் தோன்றியது. இவற்றைக் கண்டு உலகம் சிரித்தது. சிரிப்பதற்குக் காரணம், பிழை கண்ணுக்குத் தெரிந்ததுதான். கரை பத்து மீட்டர் விலகியிருந்தாலோ, ஒரு குளம் வயலாகியிருந்தாலோ அந்த ஊர்க்காரர் ஒருவர் அவ்வழியே பறக்கும் வரை யாருக்கும் தெரியப்போவதில்லை.

பழைய ஆர்வலர்கள் தம் தொகுப்புகளுடன் 'ரீட்மீ' என்று ஒரு சிறு உரைக்கோப்பை வைப்பது வழக்கம். நல்ல தயாரிப்பாளர்கள் அதில் படம் எங்கிருந்து பெறப்பட்டது, எந்த ஆண்டுக்குரியது, எந்தப் பகுதி ஊகத்தால் வரையப்பட்டது என்றெல்லாம் எழுதினார்கள். பெரும்பாலோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. பழைய பதிப்புகளின் முகவுரையை நம் மாணவர்கள் படிக்காமல் தாண்டிச் செல்வதைப்போல. ஆனால் ஒரு நூலை எந்த அளவு நம்பலாம் என்பதை முகவுரைதான் சொல்கிறது. கோடிக்கணக்கான மாஸ்க்குகளை இயந்திரம் வரையும் காலத்தில் அந்தச் சிறு கோப்பின் தேவை கூடியிருக்கிறது. காட்சியில் ஒட்டு தெரிய வேண்டியதில்லை. அதை விளக்கும் குறிப்பில் தெரிந்தால் போதும்.

நண்பர்களுள் எவரேனும் தம் ஊரை இப்படிப் பாவனை நிலமாகச் செய்ய முற்பட்டால் ஒரு வேண்டுகோள். கண்மாயின் கரையை வரையும்போது, எந்த ஆண்டின், எந்த மாதத்தின் நீர் அது என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.